சிரித்த முகம், கொடிய சட்டம்

1966-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுன் நகரம். பகல் 2 மணி தாண்டிச் சில நிமிடங்கள்.

பார்லிமெண்டு கூடுவதற்கான மணி அடித்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பிரதமரும் வந்தார். நரைத்த தலை. உயரமான உருவம். வழக்கம்போல் முகத்தில் புன்னகை. தம் இடத்தில் போய் அமர்ந்தார்.

அப்போது, பார்லிமெண்டு சேவகர் உடை அணிந்த ஒருவர் அவரை நோக்கி வேகமாக வந்தார். ஏதோ செய்தி கொண்டு வருகிறார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். சேவகர் உடைக்குள் இருந்து கத்தியை உருவினார். பிரதமரின் மார்பிலும் கழுத்திலும் மாறி மாறிக் குத்தினார். நான்கு குத்துகள்!

பிரதமரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பயன் இல்லை. உயிர் பிரிந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால், அவருக்கு 65 வயது நிறைந்திருக்கும்.

அந்தப் பிரதமரின் பெயர் ஹெண்ட்ரிக் வெர்வோர்டு. தென் ஆப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைக் கட்டி எழுப்பிய சிற்பி என்று உலகம் அவரைச் சொல்லும்.

நிறவெறியர் என்றதும் முரட்டு மனிதர் ஒருவர் நம் கண் முன் வருவார். அமெரிக்காவில் கு கிளக்ஸ் கிளான் என்ற கூட்டம் இருந்தது. வெள்ளை அங்கி அணிந்து, முகத்தை மூடிக்கொண்டு, இரவு நேரத்தில் தீப்பந்தத்துடன் வரும். கறுப்பு மக்களை அடிக்கும், கொல்லும்.

வெர்வோர்டு அப்படிப்பட்டவர் அல்ல. அவர் முகமூடி அணியவில்லை. கையில் சாட்டை எடுக்கவில்லை. அவர் ஒரு பேராசிரியர். பத்திரிகை ஆசிரியர். ஏழு குழந்தைகளின் தகப்பனார். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதில் பிரியம் உள்ளவர். யாரிடமும் குரலை உயர்த்தாமல் பேசுவார். ஆனால், முகமூடிக் கூட்டத்தாரால் செய்ய முடியாததை, அவர் பேனா முனையால் செய்து முடித்தார்.

அது எப்படி?

வந்து குடியேறிய குடும்பம்

வெர்வோர்டு ஆப்பிரிக்காவில் பிறந்தவரே அல்ல. ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், 1901-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி பிறந்தார். அவருக்கு 2 வயதாக இருந்தபோது, பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறித் தென் ஆப்பிரிக்காவுக்கு வந்தார்கள்.

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த கறுப்பு மக்களைப் பார்த்து, நகரங்களில் நீங்கள் அந்நியர் என்று சட்டம் போட்டவர் இவர்தான்!

தென் ஆப்பிரிக்காவில் அப்போது வெள்ளையர் இரு பிரிவாக இருந்தனர். ஒரு பிரிவினர் ஆங்கிலேயர். மற்றொரு பிரிவினர், பெரும்பாலும் ஹாலந்து வழி வந்தவர்கள். இவர்களுக்கு ஆப்பிரிக்கானர் என்று பெயர். ஆங்கிலேயரோடு போர் நடத்தித் தோற்றவர்கள். அந்தப் புண் ஆறாமல் இருந்தது. வெர்வோர்டு குடும்பத்தார் ஆப்பிரிக்கானர் பக்கம் சேர்ந்தனர்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்தார். 1924-ம் ஆண்டில், 23 வயதுகூட நிறையாதபோது அல்லது நிறைந்த சமயத்தில், டாக்டர் பட்டம் பெற்றார். மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனார். 1927-ல் ஹாம்பர்க் நகரில் பெட்சி என்ற பெண்ணை மணந்தார். 1928-ல் திரும்பி வந்து, படித்த பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார்.

மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய பாடம். அந்தப் பாடம் அரசியலில் அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது.

ஏழைகளுக்கு இரங்கினார், ஆனால்...

1930-ம் ஆண்டை ஒட்டி, தென் ஆப்பிரிக்காவில் கடும் பஞ்சமும் வியாபார மந்தமும் வந்தன. வெள்ளையரிலும் சுமார் 3 லட்சம் பேர் பரம ஏழைகள் ஆனார்கள்.

1934-ம் ஆண்டு கிம்பர்லி நகரில் இதற்காக ஒரு மாநாடு நடந்தது. அதை நடத்தியவர்களில் வெர்வோர்டு முக்கியமானவர். ஏழைகளுக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும், படிப்பு வேண்டும் என்று வாதாடினார். கேட்டவர்கள் இவர் எவ்வளவு இரக்கம் உள்ளவர் என்று மெச்சினார்கள்.

ஆனால் அந்த இரக்கம் வெள்ளை ஏழைகளுக்கு மட்டுமே. அவர்களைவிட வறுமையில் கிடந்த கறுப்பு மக்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. வெள்ளையனுக்கு வேலை கொடுக்கக் கறுப்பனை விலக்கலாம் என்பதே அதன் உட்பொருள்.

1936-ல் அவருடைய மனம் இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, ஜெர்மனியில் இருந்து யூதர்கள் தென் ஆப்பிரிக்காவுக்கு ஓடி வந்தார்கள். அவர்களை உள்ளே விடக் கூடாது என்று சில பேராசிரியர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். அவர்களில் வெர்வோர்டும் ஒருவர்.

பத்திரிகை ஆசிரியர்

1937-ல் வெர்வோர்டு பேராசிரியர் வேலையை விட்டார். ஜோகனஸ்பர்க் நகரில் டி டிரான்ஸ்வாலர் என்ற புதிய நாளேட்டின் ஆசிரியர் ஆனார். அது ஆப்பிரிக்கானரின் தேசியக் கட்சிப் பத்திரிகை.

இரண்டாவது உலகப் போர் மூண்டது. தென் ஆப்பிரிக்கா ஹிட்லரை எதிர்த்துப் போரில் இறங்கியது. வெர்வோர்டின் ஏடு அதை எதிர்த்தது. ஸ்டார் என்ற ஆங்கில ஏடு, வெர்வோர்டு நாஜிகளின் பிரசாரத்துக்கு உதவியாகச் செய்திகளைத் திரிக்கிறார் என்று எழுதியது.

வெர்வோர்டுக்குக் கோபம் வந்தது. மான நஷ்ட வழக்குப் போட்டார். 1943-ல் தீர்ப்பு வந்தது. வெர்வோர்டு தோற்றார்! அவருடைய பத்திரிகை நாஜிகளுக்குக் கருவியாக இருந்தது, அது அவருக்குத் தெரியும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

வேறு நாடாக இருந்தால் அவருடைய பொது வாழ்வு அத்துடன் முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. ஐந்தே ஆண்டில் அவருடைய கட்சி நாட்டைப் பிடித்தது.

கட்சி வென்றது

1948-ம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி அபார்தைட் என்ற சொல்லை முழங்கியது. ஆப்பிரிக்கானர் மொழியில் அதற்குத் தனித்திருத்தல் என்று பொருள். வெள்ளையர் வேறு, மற்றவர் வேறு. வீடு, பள்ளி, ரெயில், கடற்கரை எல்லாம் வேறு வேறு என்பதே அந்தக் கொள்கை.

கட்சி வென்றது. தேர்தலில் நின்ற வெர்வோர்டு தோற்றார். ஆனாலும் கட்சி அவரை மேல்சபை உறுப்பினர் ஆக்கியது. 1950-ல் மந்திரி ஆனார். கறுப்பு மக்களின் விவகாரங்களைக் கவனிக்கும் இலாகா அவரிடம் வந்தது.

இங்கேதான் அவருடைய தனித் திறமை வேலை செய்யத் தொடங்கியது.

பெயரில் இனிப்பு, உள்ளே நஞ்சு

கறுப்பு ஆண்கள் நகரங்களில் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மக்கள் அதை வெறுத்தார்கள். 1952-ல் வெர்வோர்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? அனுமதிச் சீட்டு ஒழிப்புச் சட்டம்!

பெயரைக் கேட்டவர்கள் சீட்டுத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைப்பார்கள். நடந்தது என்ன? பல சீட்டுகளுக்குப் பதிலாக ஒரே புத்தகம் வந்தது. 16 வயது தாண்டிய கறுப்பர் ஒவ்வொருவரும் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் போட்டோ இருக்கும். முதலாளியின் கையெழுத்து இருக்கும். தகுந்த அனுமதி இல்லாதவர் ஒரு நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. போலீஸ்காரர் கேட்கும்போது புத்தகம் இல்லையானால் சிறை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் இப்படிப் பிடிபட்டார்கள்.

முன்பு பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இப்போது அவர்களுக்கும் வந்தது. 1956-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, சுமார் 20 ஆயிரம் பெண்கள் பிரிட்டோரியா நகரில் அரசாங்க மாளிகை முன் திரண்டார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அரசாங்கம் மசியவில்லை.

1959-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பெயர், பல்கலைக்கழகக் கல்வி விரிவுச் சட்டம். அதன் வேலையோ, வெள்ளையரோடு சேர்ந்து மற்றவர்கள் படித்துவந்த பல்கலைக்கழகங்களின் கதவை மூடுவது! தனி அனுமதி இல்லாமல் கறுப்பு மாணவர் அங்கே சேர முடியாது.

அதே ஆண்டில் கறுப்பு மக்களின் சுயாட்சி வளர்ச்சிச் சட்டம் என்று ஒன்று வந்தது. பார்லிமெண்டில் கறுப்பு மக்களின் சார்பில் பேச, வெள்ளையர் சிலராவது அதுவரை இருந்தார்கள். சுயாட்சி என்ற பெயரால் அந்த இடங்களும் பறிபோயின.

சொற்களை மாற்றுவதில் வெர்வோர்டு வல்லவர். அபார்தைட் என்ற சொல் உலகத்தாரின் காதில் கசந்தது. உடனே அதைத் தனி வளர்ச்சி என்று சொல்லலானார்கள். கறுப்பர்களை ஒதுக்கிவைத்த பகுதிக்குத் தாயகம் என்ற அழகிய பெயர் வந்தது. வெளிநாட்டார் கேட்டபோது, இது பகைமை அல்ல, நல்ல அண்டை வீட்டார்போல் வாழும் முறைதான் என்று வெர்வோர்டு சிரித்த முகத்துடன் விளக்கினார்.

கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். நாட்டு மக்களில் பத்தில் ஏழு பேர் கறுப்பர். அவர்களுக்கு விட்ட நிலமோ, நூற்றுக்குச் சுமார் 13 பங்கு. அண்டை வீட்டாரின் நிலத்தை எடுத்துக்கொண்டு, அவரைத் தெருவோரம் நிறுத்துவது என்ன அண்டை முறை?

குழந்தைகளின் படிப்பு

வெர்வோர்டு செய்தவற்றில் மிகக் கொடியது எது என்று கேட்டால், கல்விச் சட்டத்தைத்தான் பலர் சொல்வார்கள்.

அதுவரை கறுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் படித்தார்கள். நெல்சன் மண்டேலாவும் அத்தகைய பள்ளியில் படித்தவர்தான். 1953-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் பள்ளிகளை அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டு வந்தது.

வெள்ளையரின் உலகத்தில், கூலி வேலைக்கு மேல் கறுப்பனுக்கு இடம் இல்லை. அப்படியிருக்க, கிடைக்காத வாழ்வுக்கு ஆசை காட்டும் படிப்பு எதற்கு? இதுதான் மேல்சபையில் வெர்வோர்டு சொன்ன கருத்து. இதை அவர் கூச்சல் போட்டுச் சொல்லவில்லை. பேராசிரியர் பாடம் நடத்துவதுபோல், அமைதியாகச் சொன்னார்.

1960-ம் ஆண்டை ஒட்டி, ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு அரசாங்கம் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்குகூட, ஒரு கறுப்புக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனிதனை அடித்தால் காயம் சில நாளில் ஆறும். எழுத்தறிவைத் தடுத்தால், அது பேரன் காலம் வரை ஆறாது.

தமிழர்கள் பட்ட பாடு

இந்தக் கொள்கை நம்மவர்களையும் விடவில்லை.

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, டுரூரோ என்ற கப்பல் சென்னையில் இருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்ய அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். பின்னால் இன்னும் பல கப்பல்கள் போயின.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அங்கே வீடு கட்டினார்கள், காய்கறி பயிரிட்டார்கள், கோயில் எழுப்பினார்கள். எந்த இனத்தார் எந்த வட்டாரத்தில் வாழலாம் என்று வரையறுத்த 1950-ம் ஆண்டுச் சட்டம், அந்த வீடுகளை விட்டு அவர்களைக் கிளப்பியது. டர்பனில் கேட்டோ மேனர் என்ற இடத்தில் இருந்த குடும்பங்கள், சாட்ஸ்வொர்த் என்ற புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டன.

இந்தியர்களும் நாட்டின் நிரந்தரக் குடிமக்களே என்று தென் ஆப்பிரிக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1961-ல்தான். முதல் கப்பல் வந்து 100 ஆண்டுகள் கடந்துவிட்டன! ஒப்புக்கொண்ட பிறகும் ஓட்டு உரிமை கொடுக்கவில்லை.

1946-லேயே இந்தியா இந்தக் கொடுமையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. தென் ஆப்பிரிக்காவோடு வியாபாரத்தையும் நிறுத்தியது.

ரத்த வெள்ளம்

1958-ம் ஆண்டு செப்டம்பரில் வெர்வோர்டு பிரதமர் ஆனார்.

1960-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி. ஷார்ப்வில் என்ற ஊரில் போலீஸ் நிலையத்தின் முன் கறுப்பு மக்கள் கூடினார்கள். அனுமதிப் புத்தகம் இல்லாமல் வந்திருக்கிறோம், எங்களைக் கைது செய்யுங்கள் என்பது அவர்களுடைய போராட்டம். போலீசார் கூட்டத்தின் மீது சுட்டார்கள். 69 பேர் மாண்டதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. ஓடியவர்கள் பலருக்கு முதுகில் குண்டு பாய்ந்திருந்தது.

உலகம் திடுக்கிட்டது. வெர்வோர்டின் புன்னகைக்குப் பின்னால் இருந்தது என்ன என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. இனிய பெயர்கள் எத்தனை வைத்தாலும், சட்டம் கடைசியில் துப்பாக்கியை நம்பித்தான் நின்றது.

வெர்வோர்டு பின்வாங்கவில்லை. ஏப்ரல் 8-ந் தேதி கறுப்பு மக்களின் பெரிய கட்சிகள் இரண்டையும் தடை செய்தார்.

மறுநாளே அவர் மீது குண்டு பாய்ந்தது! ஜோகனஸ்பர்க் கண்காட்சி ஒன்றில், டேவிட் பிராட் என்ற வெள்ளைப் பண்ணைக்காரர் அவரை முகத்தில் சுட்டார். இரண்டு குண்டுகள். ஆனாலும் வெர்வோர்டு பிழைத்துக்கொண்டார். கடவுளே தம்மைக் காப்பாற்றினார் என்று அவரும் ஆதரவாளர்களும் நம்பினார்கள். அவருடைய பிடிவாதம் இன்னும் வளர்ந்தது.

1961 மார்ச்சில் லண்டனில் காமன்வெல்த் மாநாடு நடந்தது. இந்தியா உள்படப் பல நாடுகள் நிறவெறியைக் கண்டித்தன. வெர்வோர்டு கொள்கையை விடாமல், காமன்வெல்த்தை விட்டார். மே 31-ந் தேதி தென் ஆப்பிரிக்கா குடியரசு ஆயிற்று. ஊர் திரும்பிய அவரை வெள்ளையர் வீரராகக் கொண்டாடினார்கள்.

1964-ல் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ப்புக் குரல்கள் சிறைக்குள் அடைபட்டன. வெளிநாட்டு முதலாளிகளின் பணம் மறுபடியும் வந்து குவிந்தது. கோட்டும் டையும் அணிந்து, மரியாதையாகப் பேசும் பிரதமரோடு கைகுலுக்க அவர்களுக்குத் தயக்கம் இல்லை. 1966-ம் ஆண்டுத் தேர்தலில் வெர்வோர்டின் கட்சி மாபெரும் வெற்றி பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் அந்தக் கத்தி பாய்ந்தது.

குத்தியவர் யார்?

குத்தியவர் பெயர் டிமிட்ரி சபெண்டாஸ். தகப்பனார் கிரேக்கர். தாயார் கலப்பு இனத்தவர். சபெண்டாஸ் புத்தி பேதலித்தவர் என்று கோர்ட்டு முடிவு செய்தது. தூக்கு இல்லை. ஆனால் 1999-ல் சாகும் வரை அவர் விடுதலை ஆகவில்லை. பிரதமரின் இனக் கொள்கையை வெறுத்தே குத்தியதாக, அவர் முதலில் போலீசாரிடம் சொல்லியிருந்தார் என்பது வெகுகாலம் கழித்தே வெளியில் தெரிந்தது.

கட்டியவர் போனார், கட்டடம் நின்றது. வெர்வோர்டு இறந்த பிறகும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் நிறவெறி ஆட்சி நீடித்தது. ஆஸ்பத்திரிக்கும் அணைக்கட்டுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

காலம் மாறியது

1990-ல் மண்டேலா சிறையில் இருந்து வெளியே வந்தார். 1994-ல் எல்லா இனத்தாரும் ஓட்டுப் போட்டார்கள். மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

1995-ம் ஆண்டு ஆகஸ்டில், ஆப்பிரிக்கானர் மட்டுமே வாழும் ஒரானியா என்ற சிற்றூருக்கு மண்டேலா போனார். அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். வெர்வோர்டின் மனைவி பெட்சி! அவருக்கு அப்போது 94 வயது. தம்மைச் சிறையில் தள்ளிய பிரதமரின் விதவையோடு உட்கார்ந்து, மண்டேலா தேநீர் அருந்தினார்.

வெர்வோர்டின் பேரர் வில்ஹெல்ம், மண்டேலாவின் கட்சியிலேயே சேர்ந்தார். தாத்தா பிரித்த மக்களை இணைக்கும் வேலையில் ஈடுபட்டார்.

அணைக்கட்டின் பெயரை 1996-ல் மாற்றினார்கள். வெர்வோர்டு படித்துப் பேராசிரியராக இருந்த ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில், அவர் பெயர் பொறித்த பலகை ஒன்று இருந்தது. 2015-ல் அதையும் கழற்றினார்கள்.

முகமூடி அணிந்து வரும் தீமையை ஊரார் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். படித்த பட்டத்தோடும், பணிவான பேச்சோடும், நல்ல பெயர் வைத்த சட்டத்தோடும் வரும் தீமையைத் தெரிந்துகொள்வது கடினம். தென் ஆப்பிரிக்க மக்கள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

ஒரு சட்டத்தின் பெயரைப் படித்தால் போதாது. அது யாருடைய வீட்டைப் பறிக்கிறது, யாருடைய குழந்தையின் புத்தகத்தைப் பிடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெர்வோர்டின் வாழ்க்கை உலகத்துக்குச் சொல்லும் பாடம் இதுதான்.